தஞ்சையைப் பார்க்க வந்தவர்கள்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் நுழைந்ததும் வழிகாட்டியின் கை மேல்நோக்கித்தான் நீளும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார். உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒற்றைக் கல் என்பார். அதை மேலே கொண்டுபோகச் சாரப்பள்ளத்திலிருந்து சாய்தளம் போட்டார்கள் என்பார். கூட்டம் அண்ணாந்து பார்க்கும், படம் எடுக்கும், நந்தியை நோக்கி நகரும். நிழல் விழத்தான் செய்கிறது. காலையிலும் மாலையிலும் அது முற்றத்தில் நீண்டு கிடப்பதை யாரும் பார்க்கலாம். உச்சியிலுள்ள சிகரம் பல கற்களைப் பொருத்திக் கட்டியது. சாரப்பள்ளம் செவிவழிக் கதை.

இந்தக் கதைகளின் துணை அந்தக் கோயிலுக்குத் தேவையே இல்லை. ஏறத்தாழ 66 மீட்டர் உயரத்துக்குக் கல்லை அடுக்கி, ஆயிரம் ஆண்டு மழையையும் இடியையும் அது தாங்கி நிற்கிறது. அதைவிட அரிய ஒன்று கண்ணுக்கு நேரே, கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வரிவரியாக ஓடும் எழுத்துகள் அவை. தான் கொடுத்தவை, தமக்கை குந்தவை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை என எல்லாவற்றையும் கல்லிலே வெட்டும்படி முதலாம் இராசராசன் ஆணையிட்டான். தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்த செய்தியும் அங்கே இருக்கிறது.

தஞ்சையைப் பார்க்க வந்தவர்களின் வரலாறு நீண்டது. தலைநகரம் என்றாலே பார்க்க வருவார்கள். பார்க்க வைப்பதும் அரசாட்சியின் ஒரு பகுதி. சோழர் ஒன்றைக் காட்டினார்கள், நாயக்கர் இன்னொன்றை, மராட்டியர் வேறொன்றை. அரசு போன பிறகு நகரமே காட்சியாகிவிட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் உயரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். எழுத்தைப் பார்த்த சிலரால்தான் இன்று தஞ்சையைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு கிடைத்தது.

சோழர் காலத்து விழா நாளில் இந்த முற்றத்துக்கு வந்தவர் எதைப் பார்த்திருப்பார் என்பதையும் கல்வெட்டுகளே சொல்கின்றன. ஆடல் மகளிர் நானூறு பேரைத் திருவாரூர், பழையாறை, நாகப்பட்டினம் முதலான பல ஊர்க் கோயில்களிலிருந்து இராசராசன் இங்கே குடியேற்றினான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று பெயர். ஒவ்வொருவருடைய பெயரும், அவர் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார் என்பதும், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்பதும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒருவர் இறந்தால் தகுதியுள்ள நெருங்கிய உறவினர் அந்தப் பணியை ஏற்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

அவர்களோடு நட்டுவனார், பாடுவோர், உடுக்கை வாசிப்போர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், நீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கணக்கர் என ஒரு ஊரே பட்டியலில் வருகிறது. திருப்பதிகம் பாட மட்டும் 48 பிடாரர்கள். அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர். எல்லோருக்கும் படி அளக்கச் சோழ நாட்டு ஊர்களோடு ஈழ மண்டலத்து ஊர்களின் விளைச்சலும் வந்தது. ஒரு மன்னன் தன் போர்களைக் கல்லில் வெட்டுவது எங்கும் நடந்ததுதான். தையற்காரனின் நெல்லையும் விளக்கேற்றுபவனின் பங்கையும் அதே கோயிலின் கல்லில் வெட்டியவர்கள் மிகச் சிலர். இந்தக் கோயிலின் பெருமை எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பின்னால் வந்த சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் நடத்துவதற்காகச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் ஆண்டுதோறும் 120 கலம் நெல் கொடுக்க ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. நாடகத்தின் பிரதி கிடைக்கவில்லை. ஆனால் அதைப் பார்க்க விழா நாளில் மக்கள் கூடியிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

இந்த முதல் பெருமை நெடுங்காலம் நிலைக்கவில்லை. இராசேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கொண்டுபோனான். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். அவனுடைய மெய்க்கீர்த்தியே அதைப் பெருமையோடு சொல்கிறது. சோழ அரண்மனை இருந்த இடத்தில் இன்று காட்டுவதற்கு ஒரு சுவர்கூட இல்லை. கோயில் மட்டும் நின்றது.

தஞ்சை மறுபடி தலைநகரானது 1532இல், சேவப்ப நாயக்கரோடு. இன்று பயணி நடக்கும் தஞ்சையின் எலும்புக்கூடு நாயக்கருடையதுதான்: அகழி சூழ்ந்த கோட்டை, அதற்குள் அரண்மனை, அரண்மனையைச் சுற்றி நான்கு ராஜ வீதிகள், கோட்டை மதிலை ஒட்டிய அலங்கங்கள். பெரிய கோயிலையும் சிவகங்கைக் குளத்தையும் சேர்த்துச் சின்னக் கோட்டை எழுந்தது. கோயிலுக்குள் வருவோர் எல்லோரும் நின்று படம் எடுக்கும் பெரிய நந்தியும், நுண்ணிய வேலைப்பாட்டால் வியக்க வைக்கும் சுப்பிரமணியர் சந்நிதியும் நாயக்கர் காலத்தவை. சோழர் கோயில் என்று பெயர் சொன்னாலும் அந்த முற்றத்தில் நிற்பவர் பல நூற்றாண்டுகளை ஒரே பார்வையில் பார்க்கிறார். அம்மன் சந்நிதி பாண்டியர் காலத்தது.

ரகுநாத நாயக்கர் காலத்தில் வந்த விருந்தாளிகள் கடல் தாண்டி வந்தவர்கள். 1620இல் டென்மார்க்கிலிருந்து ஓவே யெட்டே என்ற இளம் கடற்படைத் தலைவர் தஞ்சை அரசவைக்கு வந்து, தரங்கம்பாடியில் வணிகம் செய்ய உடன்படிக்கை பெற்றுச் சென்றார். டேனிய மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கு ரகுநாதர் அனுப்பிய மடல் தங்கத் தகட்டில் தமிழில் எழுதப்பட்டது. இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கீழ அலங்கத்துப் பீரங்கி மேட்டின் மேல், வானம் பார்த்துக் கிடக்கும் ராஜகோபால பீரங்கியும் அந்தக் காலத்ததே. இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து இணைத்து, வளையங்களால் இறுக்கிய ஏறத்தாழ 26 அடி நீளக் குழாய் அது. நானூறு ஆண்டாக வெயிலிலும் மழையிலும் கிடந்தும் பெரிதாகத் துருவேறவில்லை. பெரிய கோயிலுக்கு வரும் பேருந்துகளில் மிகச் சிலவே அந்த மேட்டருகே நிற்கின்றன; இரும்பு வேலையில் ஆர்வமுள்ள எவரும் அதைத் தவறவிடக் கூடாது.

விமானத்தின் வடபுறத்தில் ஐரோப்பியத் தொப்பியோடு ஓர் உருவம் இருக்கிறது. வெள்ளைக்காரர் வருவார் என்று இராசராசன் முன்கூட்டியே அறிந்து வைத்தான் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. நாயக்கர் காலத் திருப்பணியில் சேர்ந்த உருவமாக, டேனியர் வந்துபோன நினைவாக அது இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். சோதிடக் கதையைவிட இது எவ்வளவு சுவையான செய்தி! அரசவைக்கு வந்த அயலானின் முகத்தை ஒரு சிற்பி நினைவில் வைத்துக்கொண்டு கோயில் விமானத்தில் ஏற்றியிருக்கக்கூடும் அல்லவா?

1673இல் விஜயராகவ நாயக்கர் மதுரைப் படையோடு போரிட்டு மடிந்தார். சில ஆண்டுகளில் மராட்டிய மன்னர் சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான தம்பி ஏகோஜி தஞ்சையைப் பிடித்தார். 1855 வரை மராட்டியர் அரசு. அந்த வரிசையில், பார்க்க வருவோரை எப்படி வரவேற்க வேண்டும் என்பதை ஒரு கலையாகவே ஆக்கியவர் இரண்டாம் சரபோஜி.

அவர் பட்டமேற்றது 1798இல். மறு ஆண்டே உடன்படிக்கை மூலம் நாட்டை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி எடுத்துக்கொண்டது. கோட்டையும் அரண்மனையும் ஓய்வூதியமும் அவருக்கு மிஞ்சின. ஆள நாடு இல்லாத மன்னர் தன் அறிவையும் பொருளையும் வேறு வழியில் செலவிட்டார். சரஸ்வதி மகால் நூலகத்தைப் பெருக்கினார். தன்வந்திரி மகாலில் மருத்துவ ஆய்வு நடத்தினார். கண் நோயாளிகளைப் பற்றிப் படங்களோடு எழுதிவைத்த குறிப்பேடுகள் இன்றும் இருக்கின்றன. தேவநாகரி அச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார்.

1804இல் வந்த வாலென்ஷியா பிரபு முதல் பல ஐரோப்பியப் பயணிகள் சரபோஜியைச் சந்திப்பதையே தஞ்சைப் பயணத்தின் சிறப்பாக எழுதினார்கள். 1826 மார்ச் இறுதியில் கல்கத்தாப் பேராயர் ரெஜினால்டு ஹீபர் வந்தார். லவாய்சியரையும் லின்னேயஸையும் பூஃபோனையும் சரளமாக மேற்கோள் காட்டக்கூடியவர் என்றும், ஷேக்ஸ்பியரின் கவித்திறம் பற்றிச் சரியான கருத்துள்ளவர் என்றும் சரபோஜியைப் பற்றி அவர் எழுதினார். அவரோடு வந்தவர்களின் குறிப்புகளில் நூலக மேசைமேல் இருந்த ஆங்கில நூல்கள், காற்றிறைப்பான், மின்பொறி, தந்தத்தில் செய்த எலும்புக்கூடு, வானியல் கருவிகள் எல்லாம் வருகின்றன. தஞ்சையிலிருந்து திருச்சிக்குப் போன ஹீபர் ஏப்ரல் 3ஆம் தேதி அங்கே நீராடும்போது இறந்துபோனார்.

இந்த வெள்ளை விருந்தாளிகள் எழுதிவைத்ததால் அவர்கள் நமக்குத் தெரிகிறார்கள். அவர்களைவிடப் பன்மடங்கு பெரிய கூட்டம் எழுதாமல் வந்துபோனது. காசிக்கும் ராமேசுவரத்துக்கும் நடந்து போகும் யாத்திரிகர்களின் வழி தஞ்சைச் சீமை. வழி நெடுக மராட்டிய அரச குடும்பத்தார் சத்திரங்கள் கட்டினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில், சரபோஜியின் துணைவி முத்தம்பாள் நினைவாக 1802இல் எழுந்த முத்தம்பாள் சத்திரம். கடலோரம் நெடுக வேறு பல.

நாட்டை விட்டுக்கொடுத்தபோதும் சத்திரங்களை விட்டுக்கொடுக்கச் சரபோஜி இசையவில்லை. 1801இல் கும்பினியின் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய கடிதம் சத்திரங்களில் என்ன நடக்கிறது என்பதை விரிவாகச் சொல்கிறது. எந்தச் சாதியார் வந்தாலும் சோறு. சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் சாமானும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் இருந்தால் வாருங்கள் என்று அழைப்பார்கள். குழந்தைகளுக்குப் பால். நோயுற்றவருக்கு வைத்தியரும் மருந்தும், குணமாகும் வரை தங்க இடமும். வழியில் பிள்ளை பெறும் பெண்ணுக்குப் பேறுகாலம் பார்த்து, சில மாதம் வைத்திருந்து அனுப்புவார்கள். பெற்றோர் வழியிலேயே இறந்துபோனால் பிள்ளையை வளர்த்துப் படிக்க வைப்பார்கள். ஒரு நாடு தன்னைத் தேடி வரும் அயலாரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விதிப்புத்தகம் இன்றும் எழுதப்படவில்லை. முத்தம்பாள் சத்திரத்தின் கட்டடம் சிதைந்து நிற்பதைப் பார்க்கும்போது நெஞ்சு பதைக்கிறது. தஞ்சைச் சுற்றுலாவின் வரலாற்றில் பெரிய கோயிலுக்கு அடுத்துக் காக்க வேண்டிய கட்டடங்கள் இவைதான்.

சரபோஜியே ஒரு பெரும் பயணி. 1820இல் ஏறத்தாழ மூவாயிரம் பேரோடு காசி யாத்திரை புறப்பட்டார். வழியெல்லாம் சுவடிகள் திரட்டினார். காசிப் படித்துறைகளை ஓவியமாக வரைய வைத்துக் கொண்டுவந்தார். அவை நூலகத்தில் இருக்கின்றன. சோழர் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கத்தையும் அவர் கைவிடவில்லை. 1803இல் தம் போன்சலே வம்சத்தின் வரலாற்றை மராட்டியில் எழுத வைத்து, பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகைச் சுவரில் வெட்டுவித்தார். தென்மேற்கு மூலையில் சுவர்ப்பரப்பை நிறைத்து நிற்கும் அந்த எழுத்தை நின்று பார்ப்பவர் குறைவு. இராசராசன் தன் கொடைகளை எழுதிய கோயிலிலேயே, எட்டு நூற்றாண்டு கழித்து, நாடிழந்த மன்னர் தன் குலக்கதையை எழுதினார். அந்தக் கோயிலைத் தஞ்சையின் பதிவேடாக அவர் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அவருடைய ஆசான் போன்றவர் ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ். 1798இல் ஷ்வார்ட்ஸ் இறந்தபின், லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிப் பளிங்கில் ஒரு நினைவுச் சிற்பம் செய்ய வைத்தார் சரபோஜி. படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையை மன்னர் பற்றியிருக்கும் காட்சி. சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779இல் கட்டிய ஷ்வார்ட்ஸ் தேவாலயத்தில் அது இருக்கிறது. பெரிய கோயிலிலிருந்து சில நிமிட நடைதான்.

வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. 1792இல் தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் தஞ்சைக்கு வந்து கோயிலையும் நந்தியையும் வரைந்தார்கள். லண்டனில் அவை வண்ண அச்சுப் படங்களாக வெளிவந்தபோது, தஞ்சை என்றால் விமானமும் நந்தியும் என்ற வழக்கம் ஐரோப்பாவில் வேரூன்றியது. அதே காலத்தில் தஞ்சையின் மூச்சி ஓவியர்கள் கும்பினி அதிகாரிகளுக்காகப் படத்தொகுதிகள் வரைந்து விற்றார்கள். குயவனும் மனைவியும், வண்ணானும் மனைவியும், சிப்பாயும் மனைவியும் என ஒவ்வொரு தொழிலாளரும் இணையராக நிற்பார்கள். கப்பலேறிப் போன அந்தத் தாள்கள் இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஊருக்குத் திரும்பும் துரைக்கு அது நினைவுப் பொருள். நமக்கோ, இருநூறு ஆண்டுக்கு முந்தைய தஞ்சைத் தெருவின் உடையும் கருவியும் அதில்தான் கிடைக்கின்றன.

பலாப்பலகையில் துணி ஒட்டி, சுதைப் பூச்சால் புடைப்பு எழுப்பி, தங்க ரேக்கும் கல்லும் பதிக்கும் தஞ்சாவூர் ஓவியம் மராட்டியர் காலத்தில் தழைத்தது. செம்பு அல்லது பித்தளைத் தட்டில் வெள்ளி உருவங்களைப் பதிக்கும் தஞ்சாவூர்த் தட்டும் சரபோஜி காலத்ததாகச் சொல்லப்படுகிறது. தலையாட்டி பொம்மையையும் சேர்த்து மூன்றுக்கும் இன்று புவிசார் குறியீடு உண்டு. பேரம் பேசி வாங்குபவர், அந்த வேலையில் எத்தனை கைகள் எத்தனை நாள் உழைத்திருக்கும் என்பதையும் ஒரு நொடி கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

1855இல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசு இன்றி இறந்தார். கும்பினி அரசு பட்டத்தை ஒழித்ததோடு நிற்கவில்லை. அரண்மனைக்குள் புகுந்து அரச குடும்பத்தின் சொந்தச் சொத்துகளுக்கும் முத்திரையிட்டது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தார். சென்னை உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது: அரசின் இறையாண்மைச் செயலை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று. சட்ட மாணவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். தஞ்சை அரண்மனையின் கூடங்களைச் சுற்றிப் பார்ப்பவருக்கு, அங்கே வாழ்ந்த பெண்கள் தங்கள் பொருளுக்காக ஒரு பேரரசை எதிர்த்து வழக்காடினார்கள் என்பதை எந்தப் பலகையாவது சொல்ல வேண்டும்.

மன்னர் இல்லாத தலைநகருக்கு 1858இல் ஒரு புகைப்படக்காரர் வந்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப். கோயிலையும் அரண்மனையையும் கோட்டையையும் படமெடுத்தார். அதோடு மற்றவர் செய்யாத ஒன்றைச் செய்தார். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை, கேமராவை நகர்த்தி நகர்த்தி, 21 படங்களாக எடுத்து ஒட்டினார். ஏறத்தாழ 19 அடி நீளச் சுருள் அது. கனத்த கருவியோடு, கொளுத்தும் வெயிலில், தனக்குப் புரியாத எழுத்துக்காக அந்த மனிதர் பட்ட பாடு போற்றத்தக்கது.

அப்போது தஞ்சையில் அந்த எழுத்தைப் படிப்பவர் அருகிவிட்டனர். கட்டியவன் பெயரைக் கோயிலே தன் உடம்பில் சுமந்து நிற்க, தலபுராணம் கரிகாலனைச் சொன்னது. காடுவெட்டிச் சோழன் கட்டியது என்று சொன்னவர்களும் உண்டு. 1861, 62இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு ரயில் வந்தது. ரயிலில் வந்து இறங்கிய முதல் தலைமுறைப் பயணிகள் வேறு யார் யார் பெயரையோ கேட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

1886இல் அரசின் கல்வெட்டு அறிஞராக ஹுல்ட்ஷ் அமர்ந்தார். தஞ்சைக் கல்வெட்டுகளைப் படியெடுத்து, வெங்கய்யா முதலியோர் துணையோடு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக அச்சேற்றினார். இராசராசன் தமிழகத்துக்குத் திரும்பக் கிடைத்தது அப்போதுதான். இன்று குழந்தைகளும் அறிந்த அந்தப் பெயர், பாடநூலிலும் திரைப்படத்திலும் முழங்கும் அந்தப் பெயர், நூற்று நாற்பது ஆண்டுக்கு உட்பட்ட வாசிப்பின் பயன். கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனைத் தொடராக எழுதியபோது அவருக்குக் கிடைத்த அருண்மொழி, அதாவது இளம் இராசராசன், அந்தத் தொகுதிகளின் வழியே வந்தவன்.

20ஆம் நூற்றாண்டில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அரண்மனைக்குள் இருந்த சரஸ்வதி மகால் 1918இல் பொது நூலகமானது. அதற்கு முன்பே நீதிபதி பர்னெல் அங்கே ஆண்டுக்கணக்கில் உழைத்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்து 1880இல் வெளியிட்டிருந்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கருவறையைச் சுற்றிய இருண்ட திருச்சுற்றில், உதிர்ந்த நாயக்கர் ஓவியத்துக்குக் கீழே வேறொரு வண்ணத்தைக் கண்டார். சோழர் ஓவியம்! சுந்தரரின் கயிலைப் பயணமும், திரிபுரம் எரித்தவரும், ஆடல் மகளிரும் ஆயிரம் ஆண்டு இருட்டிலிருந்து வெளிவந்தார்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய கதவு 1939 ஜூலையில் திறந்தது. மதுரை மீனாட்சி கோயிலில் வைத்தியநாத அய்யர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்த அதே மாதம், தஞ்சை அரண்மனையின் பரம்பரை அறங்காவலர், பெரிய கோயில் உள்ளிட்டுத் தம் பொறுப்பிலிருந்த கோயில்களைத் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார். டேனியலும் டிரைப்பும் முற்றத்தில் நின்று வரைந்து, படமெடுத்த காலத்தில், இதே மண்ணில் நெல் விளைவித்தவர்கள் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். சுற்றுலா வரலாறு எழுதுபவர்கள் முதல் வெள்ளைப் பயணியின் தேதியைக் குறிக்கத் தவறுவதில்லை. இந்த 1939ஐயும் அதே கவனத்தோடு குறிக்க வேண்டும்.

அரண்மனையின் நாயக்கர் தர்பார் மண்டபப் பகுதியில் 1951இல் கலைக்கூடம் தொடங்கியது. மாவட்டத்தில் மண்ணிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகள் அங்கே சேர்ந்தன. அவற்றுள் திருவெண்காட்டு ரிஷபவாகனர் ஒருவரைக் காண்பதற்காகவே தஞ்சைக்கு வரலாம். 1011இல் வார்த்தது. ரிஷபம் கிடைக்கவில்லை, அதன்மேல் சாய்ந்திருந்த கை மட்டும் காற்றில் நிற்கிறது. பாம்புகளைச் சுற்றிக் கட்டிய தலைப்பாகை, ஒரு காலை மடக்கி நிற்கும் அந்த இளைப்பாறல், உதட்டோரத்து மலர்ச்சி. அடுத்த ஆண்டு வார்த்த தேவி பக்கத்தில் நாணி நிற்கிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்கோ கலைக்கூடத்தில் மிகவும் பிடித்தது வேறு: தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. அதைப் பார்க்க ஓடும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டியதில்லை. வழியில் ரிஷபவாகனர் முன் ஒரு நிமிடம் நிறுத்தினால் போதும்.

விடுதலை பெற்ற இந்தியா 1954இல் வெளியிட்ட ஆயிரம் ரூபாய்த் தாளில் பெரிய கோயிலைப் பொறித்தது. 1987இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்ந்தன. 2010 செப்டம்பரில் ஆயிரமாவது ஆண்டு விழாவில் பத்மா சுப்ரமணியம் தலைமையில் ஆயிரம் பேர் அந்த முற்றத்தில் ஆடினார்கள். மணிரத்னத்தின் பொன்னியின் செல்வன் திரைப்படம் 2022இலும் 2023இலும் இரு பாகங்களாக வந்தபோது கூட்டம் இன்னும் பெருகியது.

ஆனால் கோயிலின் இரண்டு பெருஞ்செல்வங்கள் வருபவர் கண்ணுக்கு எட்டுவதில்லை. சோழர் ஓவியம் இருக்கும் திருச்சுற்று பொதுமக்களுக்கு மூடியிருக்கிறது. அதற்கு மேல்தளத்தில் சிவன் ஆடும் கரணச் சிற்பங்கள். 108 கரணங்களில் 81 மட்டுமே செதுக்கி முடிந்தன. மீதி 27 இடங்களும் செதுக்காத கல்லாகவே நிற்கின்றன. ஏன் நின்றது வேலை என்று கல்வெட்டும் சொல்லவில்லை. மூச்சுக்காற்றும் ஈரமும் ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் மூடியது சரியே. அதற்கு மாற்றாகக் கோயிலுக்குள் உள்ள விளக்கக் கூடத்தில் படங்களை வைத்திருக்கிறார்கள். அதை இன்னும் பெரிதாக, நல்ல வெளிச்சத்தில், தமிழில் விரிவான விளக்கத்தோடு அமைத்தால் எத்தனையோ பேர் நின்று பார்ப்பார்கள். விமானத்தின் அடியில் உள்ள கல்வெட்டுகளுக்கும் அப்படியே. இது தையற்காரரின் பங்கு, இது நானூறு பெண்களின் முகவரி என்று அருகில் ஒரு பலகை இருந்தால், தமிழ் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் அங்கே ஐந்து நிமிடம் நிற்பார்.

அந்தக் கல்வெட்டுகளின் பயன் படிப்பாளிகளோடு முடிவதில்லை. கோயிலின் ஸ்ரீகாரியம் (நிர்வாகம்) பார்த்த ஆதித்தன் சூரியன் என்ற தென்னவன் மூவேந்த வேளான், இராசராசனுக்கும் அவன் தேவி உலோகமாதேவிக்கும் செப்புத் திருமேனி எடுத்துக் கோயிலில் வைத்ததை ஒரு கல்வெட்டு பதிவு செய்கிறது. முழம், விரல் என்று உயரத்தையும் அளந்து சொல்கிறது. பிற்காலத்தில் கோயிலில் அவை இல்லாமற்போயின. 2018இல் தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு, அகமதாபாத்தில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் இருந்த இரு திருமேனிகளை மீட்டுத் தஞ்சைக்குக் கொண்டுவந்தது. மேளதாளத்தோடும் பூமாரியோடும் ஊர் திரண்டு வரவேற்றது. கல்வெட்டு சொல்லும் திருமேனிகள் இவைதாமா என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபட்டார்கள். அந்த வாதத்தில் இரு தரப்பாரும் எடுத்துக் காட்டியது, ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு சிற்பி அந்தச் சுவரில் வெட்டிவைத்த வரிகளைத்தான்.